ரொட்டிக்கடை வீடு இருந்த இடம்

எங்கள் ஊரில், வீட்டில் இருப்பவர்கள் எதற்கு ஆசைப்படுகிறார்களோ அந்தப் பக்கம் வீடு சாயும். பொய் சொன்னால் கிணற்றில் தண்ணீர் இறங்கும், ஓய்வுநாளில் வேலை செய்தால் ஆடு கறக்காது. அவற்றையெல்லாம் கவனிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வீடு சாய்வது மட்டும் பைபிளின் பத்தாவது கட்டளையின் கீழ் வருகிறது. அதைக் கவனிப்பவர் எங்கள் சபையின் மூப்பர் வேதமாணிக்கம்.

அவரிடம் ஒரு தூக்குக்குண்டு இருக்கிறது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே மாதிரிப் பித்தளைக் குண்டுதான். ஆனால் இந்த நூலை யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேதமாணிக்கம் ஐயா வீட்டின் முன்னால் நின்று, ஒரு கம்பால் நூலின் மேல்நுனியைக் கூரை உயரத்துக்குத் தூக்கிக் காற்றில் விட்டுவிடுவார். அது அங்கேயே நிற்கும். குண்டு கொஞ்ச நேரம் ஆடி அடங்கும். பிறகு அவர் குனிந்து, சுவரின் அடியிலிருந்து நூல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கையால் அளப்பார். ஒரு சாணுக்குள் இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அதைத் தாண்டினால் பெருமூச்சு விடுவார். ஒரு முழத்தைத் தாண்டினால் வீட்டை இறக்க வேண்டும்.

இடிப்பது என்று எங்கள் ஊரில் சொல்வதில்லை. இறக்குவதுதான். காலையில் ஜெபம் செய்துவிட்டு, சபையார் கடப்பாரையோடு வந்து ஓடு ஓடாக, கல் கல்லாக இறக்கி வைப்பார்கள். அன்று சாயங்காலம் ஒரு பஸ் வரும். அதன் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. வீடு இறங்கியவர்கள் அதில் ஏறிப் போய்விடுவார்கள். நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்று கையாட்டுவோம். போனவர்களிடமிருந்து இன்றுவரை ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வந்ததில்லை.

வேதமாணிக்கம் ஐயா நல்ல மனிதர். அளக்கப் போகும் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே போய் உட்கார்ந்து பழகிவிட்டால் பிறகு கை நடுங்கும் என்பார். சொந்த வீட்டுக்குள்ளாவது போவாரா என்று ஒருமுறை கேட்டேன். முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். கேள்வி கேட்பது எனக்குப் பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் என் கணவர் ஆசீர், கல்யாணத்தன்று தாலி கட்டக் குனிந்தபோதே நான் ஏதோ கேட்டுக்கொண்டிருந்ததாக இன்றும் குறைப்பட்டுக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் தொடக்கத்தில் பத்துக் கட்டளைகளை வாசிப்பார்கள். அப்போது குண்டு ஆல்டர் பீடத்துக்கு முன்னால் அந்தரத்தில் தொங்கும். முடிவில் குருவானவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, கிருபை எங்கள் எல்லாரோடும் இருக்கட்டும் என்பார். நாங்கள் ஆமென் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவோம். அந்தக் கிருபை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சிறு வயது முதல் ஆவல். குண்டைக் கண்ணால் பார்க்கலாம், கையில் வாங்கினால் கனக்கும். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. குருவானவரைக் கேட்டேன். ஊருக்குள் எங்கோ இருப்பதாகத் தானும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். வேதமாணிக்கம் ஐயாவைக் கேட்டேன்.

"அதுக்கு அளவே கெடையாதுன்னு சொல்லுதாங்க" என்றார். "அளவில்லாததை நான் எதை வச்சி அளக்க?"

எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தன. அதற்கு ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி, உள்சுவர். இன்பராஜ் கொத்தனாரைக் கூப்பிட்டால், வீடு சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், உள்ளே, சுவரோடு சுவராக இன்னொரு சுவர் எழுப்பித் தருவார். அந்தப் பாரத்தில் வீடு சற்று நிமிரும். ஆசை கூடினால் மறுபடி சாயும். மறுபடி ஒரு சுவர். எதிர்வீட்டு ஏசுவடியான் குடும்பம் இப்படிப் பல வருஷங்கள் சுவர் எழுப்பி, கடைசியில் உள்ளே ஆள் நிற்க மட்டும் இடம் மிச்சம் இருந்தது. ஐந்து பேரும் பக்கவாட்டில் திரும்பி வரிசையாக நின்றுகொண்டு தூங்குவார்கள். குழம்புச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிச் சாப்பிடுவார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு நேரான வீடு. வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுவோம்.

உள்சுவர் ஒன்றுகூட இல்லாத வீடு அருமைநாயகம் அண்ணாச்சியுடையது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு முடுக்கு. அண்ணாச்சி தனிக்கட்டை. முன்னறையில் ரொட்டிக்கடை, பின்னால் அடுப்பு, நடுவில் ஆள் நீளக் கட்டில் இரண்டு போடுகிற அளவுக்குச் சும்மா கிடக்கும் இடம். வருஷத்துக்கு ஒருமுறை வரும் அளவு வாரத்தில் அவர் வீட்டு முன்னால் நூலை விட்டால், மேலிருந்து கீழ்வரை சுவரை ஒட்டியே கிடக்கும். நடுவில் ஒரு தாள் போகாது. ஆனாலும் அந்த வீட்டை யாரும் கவனித்ததில்லை. காலையில் ரொட்டி வாங்குவோம், மாலையில் ரஸ்க் வாங்குவோம், அவ்வளவுதான்.

நானும் கவனித்ததில்லை. ஒரு ஞாயிறு கட்டளை வாசிப்பில், அடுத்தவன் வீட்டின்மேல் ஆசை வைக்கக்கூடாது என்ற இடம் வந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டதுதான். அன்று ஏனோ, எந்த வீட்டைச் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி எனக்குள் வந்தது. கோயில் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் அருமைநாயகம் அண்ணாச்சியின் வீடு தெரிந்தது. நேராக, விசாலமாக, உள்ளே காற்றோட்டத்தோடு. அடடா, இப்படி ஒரு வீடு நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறதே என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டின் உத்தரம் முதல் தடவையாக முனகியது.

பிறகு அது நிற்கவில்லை. ஆசைப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், எதற்கு ஆசைப்படக்கூடாது என்று ஞாபகம் வந்துவிடும். ஞாபகம் வந்தால் பார்க்கத் தோன்றும். பார்த்தால் வீடு சாயும். அடுப்பில் ஊற்றிய தோசை ஒரு பக்கமாக ஓடி முட்டை வடிவில் வெந்தது. தேங்காயைக் கீழே வைத்தால் அதுவாக உருண்டு போய் முடுக்குப் பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். கட்டிலின் ஒரு பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்தோம். எங்கள் மகள் ஷைனி, சாய்ந்த தரையில் நிமிர்ந்து நிற்கப் பழகிவிட்டதால், பள்ளிக்கூடத்தின் சமதரையில் சாய்வாக நின்றாள். காலை அசெம்பிளியில் ஒரு பிள்ளை மட்டும் காற்றடித்த பயிர் மாதிரி நிற்கிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். ஆசீர் வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்து, தான் வரையும் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார்.

இன்பராஜ் கொத்தனார் வந்தார். உள்ளே ஒரு சுவர் எழுப்பினார். அலமாரி வெளியே போனது. இன்னொன்று எழுப்பினார், கட்டில் வெளியே போனது. ஜன்னல் வழியாகத்தானே பார்க்கிறாய் என்று ஆசீர் சொன்னதால் ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தோம். அதன் பிறகு பார்க்க முடியவில்லை. ஆனால் விடியற்காலையில் ரொட்டி வேகும் வாசனை வரும். அந்த வாசனையை வைத்து வீட்டின் ஒவ்வொரு மூலையையும் மனத்துக்குள் கட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். முன்பு வெளியிலிருந்து பார்த்த வீடு. இப்போது உள்ளே போய் நடமாடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை எங்கள் கூரையின் ஓரம் முடுக்கைத் தாண்டிப் போய் அண்ணாச்சி வீட்டு ஓட்டைத் தொட்டது. எங்களுக்கு வீட்டுக்குள் மூன்று பேர் உட்கார மட்டும் இடம் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், எல்லாரும் வெள்ளையடிக்கிற வாரத்தில், அளவு வந்தது. வேதமாணிக்கம் ஐயா எங்கள் வீட்டு முன்னால் நின்று நூலைக் காற்றில் விட்டார். குண்டு ஆடி அடங்கியது. அவர் அளக்கக் குனியவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் நின்றவர்களுக்கே தெரிந்தது. இருந்தாலும் முறைப்படி குனிந்து, கையை வைத்தார். முழத்துக்கு மேலே இன்னும் கை போனது. எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது சொன்னது உண்மை.

"ஐயா, நேர் எதுன்னு இதுக்கு இவ்வளவு சுத்தமாத் தெரியுதே" என்றேன். "அப்போ இதை வச்சே எங்க வீட்டை நிமித்த முடியாதா?"

"இது காட்டும், ஜெயசீலி" என்றார். "நிமித்தத் தெரியாது. நானும் சின்ன வயசுல ஒரு தடவை நூலைப் பிடிச்சி இழுத்துப் பாத்தேன். எங்கம்மா வீடு."

அவர் அம்மா அந்தப் பஸ்ஸில் போனவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மறுநாள் காலை ஜெபத்துக்குப் பிறகு வீட்டை இறக்குவார்கள் என்று சொல்லிவிட்டு நூலைச் சுற்றிக்கொண்டு போனார். ஏசுவடியான் வந்து, வரிசையிலிருந்து உருவிக்கொண்டு வருவதற்குள் நேரமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு, தன் வீட்டில் ஒரு ஆள் நிற்க இடம் பண்ணித்தர முடியும், மூன்று பேருக்கு முடியாது என்றார். அவர் அழுதது மனசார அழுததுதான். ஆசீர் ஷைனியின் பள்ளிக்கூடப் பையில் அவளுடைய உடுப்புகளை எடுத்து வைத்தார். என் ஒருத்தியின் கண்ணால் மூன்று பேர் ஊரை விட்டுப் போகிறோம். அந்தப் பஸ் எங்கே போகிறது என்று இத்தனை வருஷமாக எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இப்போது அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையே இல்லை.

மத்தியானம் அருமைநாயகம் அண்ணாச்சி ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கூப்பிட இடமில்லாததால் வாசலில் நின்றே பேசினோம். அவரிடம் மறைத்து இனி என்ன ஆகப் போகிறது என்று, உள்ளதைச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டின்மேல்தான் ஆசைப்பட்டேன், அதனால்தான் சாய்ந்தது என்றேன்.

"தெரியும்லா" என்றார் அவர். "ஒங்க கூரை எங்க அடுப்பங்கரை ஓட்டைத் தொட்டு ரொம்ப நாளாச்சே."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க, அண்ணாச்சி?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன். அவ்வளவு எடம் சும்மாத்தானே கெடக்கு. கேட்டிருக்கலாம்லா."

ஊர் முழுக்க எல்லாரையும் எல்லாக் கேள்வியும் கேட்டவள் நான். அந்த ஒன்றை மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை. அவர் ரொட்டியை ஷைனியிடம் கொடுத்தார். அவள் சாய்வாக நிற்பதைப் பார்த்து, தானும் அதே அளவுக்குத் தலையைச் சாய்த்து அவளிடம் ஏதோ விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது தேங்காய் அறையின் நடுவில் நின்றது. மூலையில் தேங்கிக் கிடந்த தண்ணீர் தரை முழுக்கப் பரவியிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். எங்கள் வீடு நேராக நின்றது. அருமைநாயகம் அண்ணாச்சியின் வீடு சாய்ந்திருந்தது. முடுக்குக்கு மேலே முழுசாக வளைந்து வந்து, தோளால் எங்கள் சுவரைத் தாங்கி, அது நிமிரும்வரை தள்ளிக்கொடுத்திருந்தது. அதன் ஓடுகள் சரிந்து கீழே விழுந்து கிடந்தன. அவர் வாசலில் உட்கார்ந்து, முதல் அடுப்பு ரொட்டிகளை வழக்கம்போல் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடப்பாரைகளோடு வந்த சபையார் தெருவில் நின்றார்கள். வேதமாணிக்கம் ஐயா எங்கள் வீட்டு முன்னால் நூலை விட்டார். மேலிருந்து கீழ்வரை சுவரை ஒட்டியே கிடந்தது. நடுவில் ஒரு தாள் போகாது. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே நூலை விட்டார். குனிந்து கையை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது தடவையும் வைத்துவிட்டு, முழத்துக்கு மேலே போயிருக்கிறது என்றார். அவர் கை நடுங்கியது.

நான் குறுக்கே போய் நின்றேன். அது எங்களைத் தாங்குவதற்காகச் சாய்ந்தது, அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று சொன்னேன்.

"எதுக்காவச் சாஞ்சுதுன்னு குண்டு கேக்காது, ஜெயசீலி. ஆசைப்பட்ட பக்கம் வீடு சாயும். சாஞ்சா எறக்கணும்."

நான் அண்ணாச்சியிடம் திரும்பி, எங்கள் பக்கம் ஆசைப்படும்படி அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். சுற்றிலும் சுவர், நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம், அவ்வளவுதானே என்றேன்.

"அந்த மூணு பேருந்தான்" என்றார் அவர். பிறகு கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு எழுந்து, "மூப்பர் ஐயா அளந்தது சரிதான். குண்டுல ஒரு கோளாறும் இல்ல. எறக்குங்க" என்றார்.

ஜெபம் செய்தார்கள். இறக்க ஆரம்பித்தார்கள். அப்போது எல்லாருக்கும் ஒரே யோசனைதான் இருந்தது. எங்கள் வீடு அந்த வீட்டின் முட்டில்தான் நின்றது. அதை எடுத்துவிட்டால் இது என்ன ஆகும்? ஆசீர் எங்களைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். ஓடு இறங்கியது, உத்தரம் இறங்கியது, சுவர் ஒவ்வொரு வரிசையாக இறங்கியது. எங்கள் வீட்டைத் தொட்டுக்கொண்டிருந்த கடைசிக் கல்லை இன்பராஜ் கொத்தனார் தன் கையாலேயே எடுத்து வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு அசையவில்லை. அந்த வீடு இல்லாத இடத்தின்மேல் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றது.

சாயங்காலம் பஸ் வந்தது. அருமைநாயகம் அண்ணாச்சி கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஷைனியின் தலையில் கை வைத்துவிட்டு ஏறினார். எல்லாரும் கையாட்டினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை. அழுதேன். அந்த ஊர்ப் பெயர் இல்லாத பஸ் பனங்காட்டைத் தாண்டி மறைகிறவரை நின்று அழுதேன். பஸ்ஸுக்காகக் கட்டி வைத்திருந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து ஷைனியின் உடுப்புகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டபோதும் அழுதேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் காலி இடத்திலிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்தது. அன்று முதல் தினமும் வந்தது. மழை பெய்தால் அந்த இடம் மட்டும் நனைவதில்லை. காகங்கள் வந்து, முன்பு கூரை முகடு இருந்த உயரத்தில், ஒன்றுமில்லாததன்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஷைனி சமதரையில் நிற்கப் பழகாமல் ஒரு வாரம் விழுந்து விழுந்து எழுந்தாள். பிறகு நேராக நின்றாள். டீச்சர் சந்தோஷப்பட்டுச் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் உள்சுவர்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். கட்டில் உள்ளே வந்தது, அலமாரி வந்தது, கடைசியில் ஜன்னலைத் திறந்தோம். ஏசுவடியான் தன் வீட்டிலிருந்து தலையை நீட்டி, இனிமேல் யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டதா என்று விசாரித்தார். நியாயமான கேள்விதான். எனக்கும் அது என்னவென்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. தலைமையாசிரியரின் மாடிவீட்டுக்கு எதிரில் போய் நின்று ஒரு மணி நேரம் ஆசைப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. படியின் கைப்பிடி அழகாக இருக்கிறது என்று தோன்றியது, சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். தேங்காய் நகரவில்லை. ஏசுவடியானிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, சோதனைக்காக ஒரே ஒரு உள்சுவரை எடுத்தார். அன்று அந்தக் குடும்பத்தில் கடைசிப் பையன் முதல் தடவையாகப் படுத்துத் தூங்கினான். மற்ற நால்வரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

எனக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. அடுத்த அளவு வாரத்தில் குண்டு என்ன சொல்லும்? எங்கள் வீடு எதன்மேல் நிற்கிறது என்று அது கேட்டால் காட்டுவதற்கு ஒரு செங்கல்கூட எங்களிடம் இல்லை. அது உண்மையைத்தான் சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக அந்தக் காலி இடத்தைப் பார்த்து, அண்ணாச்சி, இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தினமும் சொல்லி வந்தேன்.

அந்த வாரம் வந்தது. வேதமாணிக்கம் ஐயா ஒரு வருஷத்தில் மெலிந்துபோயிருந்தார். எங்கள் வீட்டு முன்னால் நூலை விட்டார். குண்டு ஆடி அடங்கியது. குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு தாள் போகாது. அவர் தலையை ஆட்டினார். ஆசீர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கப்படி ஐயா அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே வீடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை, அவரும் நிற்கவில்லை. காலி இடத்தின் முன்னால் நின்று கம்பைத் தூக்கி நூலைக் காற்றில் விட்டார். நூல் நேராக இறங்கியது. குண்டு ஒருமுறை உள்பக்கமாக ஆடி, எதன்மேலோ பட்டது. மரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி ஆடிவந்து இன்னொரு தடவை தட்டியது.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கீல் முனகியது. ரொட்டி வாசனையோடு, நிறையப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் சத்தம் வெளியே வந்தது. சில குரல்கள் எனக்குத் தெரிந்தவை; பஸ்ஸில் போனவர்களுடைய குரல்கள். அவற்றுக்கு நடுவில் வயதான ஒரு பெண், வேதமாணிக்கத்தை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, வெளியே நின்னு என்னத்தை அளந்துக்கிட்டு இருக்க, உள்ள வா என்றாள். அருமைநாயகம் அண்ணாச்சி, வழி விடுங்கள், மூப்பர் ஐயா வரட்டும் என்று யாரிடமோ சொல்வதும் கேட்டது.

வேதமாணிக்கம் ஐயா நூலைப் பொறுமையாகச் சுற்றினார். செருப்பைக் கழற்றினார். குண்டைத் துண்டால் ஒருமுறை துடைத்து, செருப்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். பிறகு குனிந்து, முன்பு வாசல் இருந்த இடத்தில் ஒரு படி ஏறி, உள்ளே போனார். அவரைக் காணவில்லை. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, அடுத்த வீட்டுக்காரர்கள் மூன்று பேர் இன்னும் வரவில்லையே என்றார்.

நான் எங்கள் வீட்டுக்குள் ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அதற்குள் ஆசீர் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். ஷைனி எங்களுக்கு முன்னால் ஓடினாள். கீழே கிடந்த குண்டை மிதித்துவிடாமல் கவனமாகத் தாண்டி, படியேறி, உள்ளே போனாள்.